பலகையில் மூன்று பெட்டிகள்

இருபது வருடத்துக்கு மேலாகக் கிற்றார் வாசிக்கிற எனக்குக் காலால் ஒரு பொத்தானை அமத்தத் தெரியாது என்பதை, சமாதானம் வந்த இரண்டாவது வருடத்தில்தான் கண்டுபிடித்தேன். கை சொன்னதைக் கேட்கும். கால் கேட்காது. வலதுகாலைத் தூக்கினால் கை தாளத்தை விட்டுவிடும். தாளத்தை இறுக்கிப் பிடித்தால் கால் பொத்தானை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கிற பலகையை மிதிக்கும். நாற்பது தாண்டிய பொம்பிளை, சாறியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, அறை நடுவே ஒற்றைக்காலில் நின்று எரிச்சலில் கத்திக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப்பக்கம் நின்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இந்தக் கரைச்சல் எல்லாம் என் தம்பி றெக்ஷனால் வந்தது. அவன் ரொறன்ரோவில் இருக்கிறான். அங்கே ஒரு இசைக்குழுவில் கிற்றார் வாசிக்கிறான். விரல் பிடித்து அவனுக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று அங்கே ஒருவருக்கும் அவன் சொன்னதாகத் தெரியவில்லை. சண்டையில் மூடிக்கிடந்த பாதை திறந்த பிறகு ஊருக்கு வந்த சினேகிதன் ஒருவனிடம், தான் பாவித்துக் கழித்த மூன்று பெட்டிகளை எனக்குக் கொடுத்துவிட்டிருந்தான். இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றும் செங்கல்லில் பாதி இருக்கும். மேலே காலால் மிதிக்கிற பொத்தான், அதற்குமேல் திருகுகிற குமிழ்கள், ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு. கிற்றாரில் இருந்து வருகிற வயரை இவற்றுக்குள்ளால் ஓட்டித்தான் ஸ்பீக்கருக்குக் கொண்டுபோக வேண்டும். மஞ்சள் பெட்டியை மிதித்தால் சத்தம் கரகரக்கும். நீலத்தை மிதித்தால் ஒரு கிற்றார் இரண்டாகக் கேட்கும். வெள்ளையை மிதித்தால் வாசித்த சுரம் கொஞ்சம் பிந்தித் திரும்பி வரும், பிறகு இன்னும் மெலிந்து இன்னொருமுறை வரும்.

"அக்கா, மூண்டையும் ஒரு பலகையிலை பூட்டுங்கோ. உதுக்குப் பெடல் போட் எண்டு பேர்" என்றான் ரெலிபோனில்.

"பேரை நான் கேக்கேல்லை. எப்பிடிப் பூட்டுறது எண்டு சொல்லு."

"சின்ன வேலையக்கா. ஒரு பின்னேரம் காணும்."

அந்த ஒரு பின்னேரம் இரண்டு மாதம் இழுத்தது.

இதை ஏன் விட்டுத்தொலைக்கவில்லை என்று கேட்பீர்கள். காரணம் இன்னாசித்தம்பி மாஸ்ரர். அவர்தான் எங்கள் மாதா கோயில் பாடகர்குழுவுக்கும் தலைவர், திருநாள் குழுவுக்கும் தலைவர். ஊர்காவற்றுறையில் மாதா திருநாளுக்கு முதல்நாள், வேஸ்பர் என்கிற மாலைச் செபம் முடிந்த கையோடு, கோயில் வளவில் மேடை போட்டு இசைமாலை நடக்கும். வருடாவருடம் நானும் மேடையில் இருப்பேன், பின்வரிசையில், பாடுகிறவர்களுடைய கொண்டைகளைப் பார்த்துக்கொண்டு. இத்தனை வருடத்தில் என் கிற்றாரை இந்தப் பங்கில் ஒருவரும் கேட்டதில்லை. அதற்கு மேலால் பாடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தமுறை பட்டணத்தில் இருந்து ஒரு இசைக்குழுவை ஒழுங்குசெய்திருந்தார்கள். நான் மாஸ்ரரின் வீட்டுக்குப் போய், கதிரையில் இருக்காமல் நின்றபடியே கேட்டேன். என்னுடைய சொந்த மெட்டு ஒன்று இருக்கிறது, பாட்டு இல்லை, கிற்றார் மட்டும், நான் முன்னுக்கு நின்று வாசிக்க வேண்டும் என்றேன்.

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரேயொரு மெட்டு, யூலியானா. அவையள் மேடையிலை ஏற முந்தி. நல்லாப் போனால் வாற வருஷமும் பாப்பம்."

நல்லாப் போகாவிட்டால் சாகும்வரை கொண்டைகள்தான். அதை அவர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

அந்த மெட்டில் பாதிதான் நான் வாசிப்பது. மீதியை வெள்ளைப்பெட்டி திருப்பிச் சொல்லும். நான் ஒரு சுரத்தை விட்டு அடுத்ததற்குப் போகும்போது முதல் சுரம் திரும்பி வந்து அதோடு சேரும். அப்படிச் சேருகிற இடங்களை வைத்துத்தான் மெட்டையே கட்டியிருந்தேன். பெட்டி இல்லாமல் வாசித்தால் நொண்டும். அதனால்தான் இந்தப் பாடு.

முதலில் கரண்ட். றெக்ஷன் பெட்டிகளோடு கறுப்பாக ஒரு அடப்ரரும் அனுப்பியிருந்தான். சுவரில் குத்தினேன். சின்னதாக ஒரு வெடி, பிறகு றப்பர் எரிகிற மணம். கனடாவில் கரண்ட் எங்களுடையதில் பாதிதானாம்.

"அக்கா, வோல்ற்றைப் பாக்கேல்லையே?"

"அனுப்பேக்கை நீ பாத்திருக்கலாம்தானே?"

"சரி சரி, பற்றறி போட்டு வாசியுங்கோ. அதுதான் திறம். ஜெனரேற்றர் கரண்டிலை இரையும்."

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்பது வோல்ட் பற்றறி ஒன்று. சதுரமாக, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்கிறவள். எங்கள் தட்டில் டோர்ச் பற்றறி குவிந்து கிடக்கிறது, இது இல்லை. பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய் வாங்கிவந்தேன். அன்றிரவு நன்றாக வாசித்துவிட்டு, வயரைப் பெட்டியில் குத்தியபடியே விட்டுவிட்டுப் படுத்தேன். இரண்டு நாள் கழித்து மிதித்தால் மூன்றும் செத்துக் கிடந்தன. வயர் குத்தியிருந்தால், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், பற்றறி இறங்கிக்கொண்டே இருக்குமாம். இதைச் சொல்ல அந்தப் புண்ணியவானுக்கு வாய் வரவில்லை. மறுபடி பஸ்.

பிறகு பலகை. கறையான் பிடித்த அலுமாரி ஒன்றின் கதவில் நல்ல பக்கமாகப் பார்த்து அறுத்தேன். பெட்டிகளை ஆணி அடித்துப் பூட்ட முடியாது, அடிமூடியைத் திறந்துதான் பற்றறி மாற்ற வேண்டும். சைக்கிள் ரியூப்பை வாராக வெட்டி இழுத்துக் கட்டினேன். பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் ஒரு பெட்டியை மிதிக்க இரண்டு அமருகிறது. தள்ளிக் கட்டினால் பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் ஓடுகிற குட்டை வயர் எட்டவில்லை. வயரை வெட்டி நீட்டி ஈயம் வைத்தேன். விரலையும் சுட்டுக்கொண்டேன். மஞ்சளை முதலில் வை, வெள்ளையைக் கடைசியில் வை என்று றெக்ஷன் சொன்னான். இவன் எனக்குச் சொல்லித்தருகிறானோ என்று மாற்றி வைத்துப் பார்த்தேன். எதிரொலி போய் மஞ்சளுக்குள் விழுந்து ஒரே இரைச்சல். அவன் சொன்னதுதான் சரி. மூன்றையும் கழற்றித் திரும்பக் கட்டினேன். அவனிடம் இதைச் சொல்லவில்லை.

சாறிதான் மிச்சம். பாடகர்குழு என்றால் நீலக்கரைச் சாறிதான், அதில் மாஸ்ரர் அசையமாட்டார். சாறியோடு நின்றால் என் கால் எனக்கே தெரியாது, பெட்டி எப்படித் தெரியும்? பலகையின் பின்பக்கத்துக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்தினேன். செருப்பைக் கழற்றிப்போட்டு, பெருவிரலால் தடவி இடம் பிடிக்கப் பழகினேன். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் என் மனுசன் ஜெகதீஸ் தொழிலால் வந்து, மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு, மேசையில் கிடந்த பலகையைப் பார்த்தார்.

அதுவரை பெட்டிகளைத் தனித்தனியாகத்தான் பார்த்திருந்தார். ஏதோ றேடியோச் சாமான் என்று நினைத்திருப்பார். இப்போது மூன்று இரும்புப் பெட்டிகள், அவற்றுக்கிடையில் வயர், வயரில் ஈயம், பக்கத்தில் பற்றறி. அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"உதென்ன?"

"பெடல். நான் சொன்னனான்தானே."

"கழட்டும்."

"என்ன?"

"கழட்டி எங்கையாவது கொண்டுபோய்ப் போடும் யூலி. உது வீட்டிலை கிடக்கக்கூடாது."

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சண்டையில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து இரண்டு வருடம் இருக்கும், ஒரு விடியற்காலை அவர் தொழிலுக்குப் போகும்போது சென்றியில் காவல் நின்ற படைக்காரர் மறித்தார்கள். பையில் இரண்டு டோர்ச் பற்றறியும் ஒரு பிடி வயரும் இருந்தன. வள்ளத்து விளக்குக்கு. அந்தக் காலத்தில் பற்றறி வைத்திருப்பதே குற்றம், வயரும் சேர்ந்தால் குண்டு செய்யத்தான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது முன்பல் இரண்டு இல்லை. என்ன நடந்தது என்று நான் கேட்டேன், பங்குச் சுவாமி கேட்டார், அவருடைய தாய் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டா. "ஒண்டுமில்லை" என்றார். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு சொல் அவர் வாயில் இருந்து வந்ததில்லை. ஆட்களோடு கதைக்கிறதும் குறைந்துபோனது. கோயிலுக்கு வந்தால் கடைசித் தூணோடு நிற்பார், பூசை முடிய முதல் ஆளாக வெளியே போய்விடுவார்.

எனக்கு இரக்கம் இல்லையென்று நினைக்க வேண்டாம். இரக்கம் நிறைய இருந்தது. ஆனால் இரக்கத்தைப் போட்டுப் பெடலை வேலைசெய்ய வைக்க முடியாது.

அடுத்த நாள் காலை பற்றறிகளைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடி, கடைசியில் அரிசி அளக்கக் கையைவிட்டால் அரிசி வாளிக்குள் அகப்பட்டன. சண்டை பிடித்தேன். மூன்றாம் நாள் மறுபடி இல்லை. கோழிக்கூட்டுக் கூரையில் ஓலைக்குள் செருகியிருந்தார். ஒருநாள் ஒழுங்கையால் சென்றிக்காரர்கள் வரிசையாக நடந்துபோனார்கள், வழக்கம்போல, வீட்டுப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல். அவர்கள் போய் முடிய வந்து பார்த்தால் பலகையே இல்லை. குசினியில் விறகுக்குக் கீழே படுத்துக்கிடந்தது, வெள்ளைப்பெட்டியின் குமிழ் ஒன்று உடைந்து.

"இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரே?" தொண்டை கிழியக் கத்தினேன். "இப்ப சமாதானம். பற்றறி கடையிலை விக்குது. நான் விக்கிறன்! உந்தச் சென்றியிலை நிக்கிறவங்களே வந்து என்னட்டைத்தான் வாங்கிக்கொண்டு போறாங்கள்!"

"இப்ப விக்குது" என்றார்.

"பிறகென்ன?"

"இப்ப எண்டுதானே சொல்லுறன்."

இப்படிக் கதைக்கிற மனுசனோடு என்ன கதைக்கிறது? தலையில் அடித்துக்கொண்டு குமிழுக்குப் பசை ஒட்டினேன். திருநாளுக்கு முதல் வாரம் அவரை இருத்திவைத்து, மாதா படத்துக்கு முன்னால் கேட்டேன். இனிப் பலகையில் கை வைக்கமாட்டேன் என்றார். அவர் வாக்குக் கொடுத்தால் அது வாக்குத்தான், அப்படித்தான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

வேஸ்பர் அன்று புதுப் பற்றறி மூன்றும் போட்டு, எல்லாம் சரி பார்த்து, வயரைக் கழற்றி வைத்துவிட்டுச் சாறி உடுக்கப் போனேன். வந்து பார்த்தால் ஜெகதீஸ் பலகையைப் போர்வையால் சுற்றிச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் கேட்கவில்லை, அவராகவே கட்டியிருந்தார். மனுசன் ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. அவர் சைக்கிளை உருட்ட, நான் கிற்றாரைத் தோளில் கொழுவிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

சந்திச் சென்றியில் மறித்தார்கள். திருநாள் என்பதால் செக்கிங் வழமையை விடக் கூட. மீசை சரியாக முளைக்காத ஒருவன் போர்வையை அவிழ்த்தான்.

"இது என்ன?"

"கிற்றார் சாமான்" என்றேன். "சத்தம் மாத்துறது. மியூசிக்."

அவன் மஞ்சள் பெட்டியின் பொத்தானை விரலால் அமத்தினான். "லைட் இல்லை?"

"வயர் குத்தினால்தான் வரும்."

"மியூசிக்" என்று சொல்லிச் சிரித்தான். போகச் சொல்லிக் கையைக் காட்டினான். ஜெகதீஸ் அந்த நேரம் முழுக்க சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தால் வியர்வை ஓடியது. கொஞ்சத் தூரம் போன பிறகு, "பாத்தியளே, ஒண்டுமில்லைத்தானே" என்றேன். அவர் சைக்கிளை இன்னும் வேகமாக உருட்டினார்.

கோயில் வளவில் சனம் நிரம்பிவிட்டது. மேடைக்குப் பின்னால் படங்கு கட்டி மறைத்த இடத்தில் பலகையை விரித்தேன். பட்டணத்துக் குழுவின் கிற்றார்ப் பொடியன் எட்டிப் பார்த்து, "அன்ரி, பெடல் எல்லாம் வைச்சிருக்கிறியள்" என்றான். அவனுக்குக் கண் விரிந்ததைப் பார்க்க எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. வயரைக் குத்தினேன். வெள்ளையை மிதித்தேன்.

விளக்கு வரவில்லை.

நீலம். வரவில்லை. மஞ்சள். வரவில்லை. வயரைக் கழற்றித் திரும்பக் குத்தினேன். பிறகு, எனக்கு ஏற்கனவே விளங்கிவிட்டது என்றாலும், ரியூப் வாரை இழுத்து அடிமூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு வயர்த்துண்டு நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தன. பற்றறி இல்லை.

படங்கு ஓரமாக நின்ற ஜெகதீஸைப் பார்த்தேன்.

"எங்கை?"

"கிணத்தடியிலை" என்றார் மெல்ல. "சொப்பிங் பையிலை சுத்தித் தாட்டனான்."

"மாதாவுக்கு முன்னாலை சொன்னனியள்."

"பலகையிலை கை வைக்கமாட்டன் எண்டனான். பலகைக்கு ஒண்டும் செய்யேல்லை. செக்கிங் கூட எண்டு கரையிலை பறைஞ்சவங்கள். பெட்டியை விளங்கப்படுத்தலாம், யூலி. பற்றறியை விளங்கப்படுத்தேலாது."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இரண்டு மாதம், பஸ் பஸ்ஸாக ஏறி, விரலைச் சுட்டு, ஒற்றைக்காலில் நின்று பழகி, ஒரு மெட்டு, ஒரேயொரு மெட்டு, அதையும் இந்த மனுசன் கிணற்றடியில் புதைத்துவிட்டு வந்து நிற்கிறார். குரலை அடக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

"அவங்கள் உங்களை எப்பவோ விட்டிட்டாங்கள். நீங்கள்தான் இன்னும் உள்ளுக்கை இருக்கிறியள். இருங்கோ. என்னையும் ஏன் இழுத்து உள்ளுக்கை வைக்கிறியள்?"

கிற்றார்ப் பொடியன் மெல்ல நழுவிவிட்டான். ஜெகதீஸ் திரும்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு சனத்துக்குள்ளால் போனார்.

நான் நிலத்தில், நீலக்கரைச் சாறியோடு, செத்த பலகைக்குப் பக்கத்தில் இருந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. இன்னாசித்தம்பி மாஸ்ரர் வந்து, "பிள்ளையளின்ரை நடனம் முடிய நீர்" என்றார். பற்றறி இல்லை என்றேன். "அப்ப உதுகள் இல்லாமல் வாசியுமன்" என்றார். பெட்டி இல்லாமல் அது மெட்டே இல்லை என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? கொஞ்சம் நேரமாவது கிடைக்கட்டும் என்று, சுவாமியின் பேச்சையும் எனக்கு முன்னுக்கு எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். வேண்டாவெறுப்பாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜெகதீஸ் போனது வீட்டுக்கு. பற்றறியை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்கு. கிணற்றடியில் இருந்து கோயிலுக்கு ஒரே பாதை, நடுவில் அந்தச் சென்றி. முதலில் வந்தபோது வெறும் பெட்டியோடு வந்தோம். இப்போது அவர் தனியாக, கையில் பற்றறியோடு, அதே இடத்தில் மறிபடப் போகிறார். என் வாயால்தான் அவரை அங்கே அனுப்பியிருக்கிறேன்.

எழும்பி வளவு வாசல்வரைக்கும் போனேன். பாதையைப் பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மேடையில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள், எந்தப் பாட்டு என்றுகூட எனக்கு நினைவில்லை. மறித்திருப்பார்களோ? வாயைத் திறக்கமாட்டார், அதுதான் பயம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டு நின்றால் எவனுக்கும் சந்தேகம் வரும். வராமல் இருந்தால் நல்லது, வீட்டிலேயே படுத்திருக்கட்டும் மாதாவே, மெட்டும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் என்று நேர்ந்துகொண்டேன். அடுத்த நிமிடம், வராமல் இருந்துவிட்டால் இந்த மனுசனை என்ன செய்வேன் என்று பல்லைக் கடித்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் எனக்குள் இருந்தன. சுவாமியின் பேச்சும் முடியப் போகிறது.

அவர் வந்தார். சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டு நடந்துதான் வந்தார். வலது கை முன்னுக்கு நீண்டிருந்தது, உள்ளங்கை விரிந்தபடி. அதில் மண்ணோடு மூன்று பற்றறி. விரித்த கையை மூடாமலே வழி நெடுக வந்திருக்கிறார்.

"மறிச்சவங்களே?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"மறிச்சவன்."

"பிறகு?"

"கையிலை என்ன எண்டான். பற்றறி எண்டனான். மூண்டு பற்றறி எண்டு கையை விரிச்சுக் காட்டினனான்."

"பிறகென்ன நடந்தது? சொல்லுங்கோவன்!"

"போ எண்டான்."

"மாதாவே. நல்லதாப் போச்சு."

"என்ன நல்லது?" அவர் கத்தினார். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவர் என்னிடம் கத்தியதில்லை. "போ எண்டான், யூலி! வடிவாப் பாக்கவும் இல்லை. வாயிலை எதையோ சப்பிக்கொண்டு நிண்டவன். பற்றறி எண்டு ரெண்டாந்தரமும் சொன்னனான். எனக்கு விளங்குது, போ போ எண்டான். அவ்வளவுதானே? அப்ப அண்டைக்கும் ஒருத்தன் போ எண்டு சொல்லியிருக்கலாம்தானே? ஒரு சொல்லுத்தானே? அதுக்கென்ன, அவன்ரை வாய் நொந்திருக்குமே?"

விழுந்த பற்களின் இடைவெளியால் காற்றுப் போய்ச் சொற்கள் சரியாக வரவில்லை. மேடையில் என் பெயரைச் சொன்னார்கள். அவருடைய கையில் இருந்து பற்றறிகளை எடுத்தேன். கை விரித்தபடியே நின்றது. மண்ணைச் சாறித் தலைப்பில் துடைத்து, மூன்றையும் போட்டு, மூடிகளைத் திருகினேன். இரண்டாம் தரமும் பெயரைச் சொன்னார்கள். கிற்றார்ப் பொடியன் ஓடிவந்து பலகையின் ஒரு பக்கத்தைப் பிடித்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு முன்னுக்குப் போய் நின்றேன். முன்னால் ஒரு கொண்டையும் இல்லை, முழுக்க முகங்கள்தான். பெருவிரலால் தடவி வெள்ளையை மிதித்தேன். சிவப்பு விளக்கு வந்தது. முதல் சுரத்தை விட்டேன், அது போய்த் திரும்பி வந்து அடுத்ததோடு சேர்ந்தது. கதைத்துக்கொண்டிருந்த முன்வரிசை வாயை மூடியது. விரல் பிசகவில்லை. கால்கூடச் சொன்னதைக் கேட்டது. இந்த ஊர் முதன்முதலாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெகதீஸை மட்டும் காணவில்லை. தேடினேன். கடைசித் தூணடியில் இல்லை. சனத்துக்கு நடுவே நின்றார். வள்ளங்கள் வைத்திருக்கிற சம்மாட்டி அந்தோனிப்பிள்ளை அண்ணையின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பிறகு தன் வாயைத் திறந்து, பல் இல்லாத இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அண்ணை மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் திரும்பினார்கள். ஜெகதீஸ் அவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார், இரண்டு கையையும் மடித்துப் பின்னுக்குக் கட்டிக் காட்டிச் சொன்னார். எனக்கும் சுவாமிக்கும் பெற்ற தாய்க்கும் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மெட்டில் ஒரு சுரம்கூட அவர் காதில் விழவில்லை.

மெட்டு முடிகிற இடத்துக்கு வந்தேன். மேடையோரத்தில் இன்னாசித்தம்பி மாஸ்ரர் நேரமாகிவிட்டது என்று மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். பட்டணத்துக்காரர்கள் கீபோட்டைத் தூக்கிக்கொண்டு ஏறத் தயாராக நின்றார்கள். ஜெகதீஸ் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. அவரைச் சுற்றி ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள்.

நான் மாஸ்ரரைப் பார்க்காமல் மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன்.